ஆழ்வார் வெளியேறிய பசலி எது?

காகிதத்தில் இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒன்று, 1957இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் வாளும் கேடயமுமாக நிற்கும் திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி அதில் இருக்கிறது. மற்றது, 1967இல் லண்டனில் சாத்பீஸ் நடத்திய ஏலம். ஜே. ஆர். பெல்மாண்ட் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து அதே ஆழ்வாரை ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. இடையில் பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டுக்குள் என்றோ ஒரு நாள், கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே உள்ள சுந்தரப்பெருமாள் கோயில் என்ற ஊரைவிட்டு ஆழ்வார் போனார். எந்த நாள், யார் கையில் என்பதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

சிலை எங்கே இருந்தது என்ற கேள்வி 2019இலேயே தீர்ந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஓர் ஆய்வாளர் புதுச்சேரியில் இருக்கும் 1957ஆம் ஆண்டுப் படத்தைச் சுட்டிக்காட்டி ஆஷ்மோலியனுக்கு எழுதினார். எந்த நிறுவனத்தையும் சேராத தனி ஆய்வாளர் என்று மட்டுமே அருங்காட்சியகம் அவரைக் குறிப்பிட்டது. அவர்கள் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. டிசம்பர் 16ஆம் தேதி லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தாங்களே தகவல் சொன்னார்கள். கூடவே ஒன்று கேட்டார்கள்: சிலையின் பூர்வீகத்தை உறுதிசெய்யப் போலீஸ் ஆவணம் ஏதாவது இருக்கிறதா?

ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்தைய திருட்டுக்கு அந்தக் காலத்துப் புகார் எங்கிருந்து வரும்? ஆழ்வார் காணாமல்போனதாக ஊரில் யாரும் நினைக்கவில்லை. சன்னிதியில் ஓர் ஆழ்வார் நின்றுகொண்டுதான் இருந்தார். அவருக்குத் திருமஞ்சனம் நடந்தது, தளிகை அமுது செய்விக்கப்பட்டது, சாற்றுமுறை நடந்தது. 2020இல் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிந்து விசாரித்தபோதுதான் அவர் போலி, அசலைப் பார்த்துச் செய்து வைக்கப்பட்டவர் என்பது வெளியே வந்தது. அந்த ஆண்டு மார்ச் 3ஆம் தேதி இந்தியா முறைப்படி சிலையைக் கோரியது. 2024 மார்ச் 11இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆட்சிக்குழு கோரிக்கையை ஏற்றது. அதன் பிறகும் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் சம்மதிக்க வேண்டும் என்ற சட்டச் சடங்கு இருந்தது.

பத்திரிகைகளுக்கு இந்தக் கதை அங்கேயே முடிந்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு அங்கேதான் ஆரம்பம். மீட்பு வேறு, துப்பு வேறு. திருடியவனைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் சிலையை வாங்கி வந்து மாலை போட்டுவிடலாம். நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம்.

முதலில் அந்த 1957ஆம் ஆண்டுப் படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபில்லியோசா தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் சேர்ந்துகொண்டது. பல பத்தாண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. திருட்டைத் தடுக்கும் எண்ணம் இதில் யாருக்கும் இருக்கவில்லை. ஆகமத்தையும் சிற்ப இலக்கணத்தையும் படிக்கிறவர்களுக்கு, சுவடியில் சொல்லியிருப்பது கோயிலில் எப்படி நிற்கிறது என்று பார்க்கப் படம் தேவைப்பட்டது. அதனால்தான் அந்தப் படங்கள் இவ்வளவு பயன்படுகின்றன. பக்திக்காக எடுத்த படத்தில் மாலைதான் தெரியும். இவர்கள் எடுத்தவை பலவற்றில் பரிவட்டம் இல்லை, மாலை இல்லை. மேனி முழுக்கத் தெரிகிறது.

அந்தத் தொகுப்பை வைத்துச் சிலையை அடையாளம் காண்பதில் மந்திரம் எதுவும் கிடையாது. மெழுகில் உரு பிடித்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு உலோகம் வார்க்கிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரு கருவில் ஒரு சிலைதான். வார்ப்பில் விழுந்த சிறு குழி, பீடத்தின் விளிம்பில் நசுங்கிய இடம், உளி எங்கே அழுத்தமாகப் போயிருக்கிறது, நூற்றாண்டுகளாகத் தேய்த்துத் தேய்த்து மூக்கு எந்தப் பக்கம் மழுங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அழகைப் பார்க்கிற கண் இதற்கு உதவாது. பழுதைப் பார்க்கிற கண் வேண்டும்.

இந்தக் கண்ணை வளர்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். எஸ். விஜய்குமார் சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே இந்தியா பிரைட் பிராஜெக்ட் என்ற தன்னார்வக் குழுவை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோன நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அந்தச் சிலை எந்தக் கோயிலுடையது என்பதற்குப் புதுச்சேரிப் படமே சாட்சியாக நின்றது. 2014இல் அது இந்தியா திரும்பியது. அந்த வழக்கில் திருடர்கள் யார், சரக்கு எந்தத் துறைமுகம் வழியாகப் போனது, கைவினைப் பொருள் என்று எழுதி எப்படி அனுப்பினார்கள் என்பதெல்லாம் தெரியும். அந்த நடராசரை விற்ற வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022இல் உடையார்பாளையம் சிலை வழக்கில் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். புதிய திருட்டுக்கு ஆள் கிடைக்கிறான், பழைய திருட்டுக்குக் கிடைப்பதில்லை. செத்துப்போனவனைப் பிடித்து என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. அவனைப் பிடிக்க வேண்டாம், அவன் போன வழியைப் பிடித்தால் போதும் என்பதே என் பதில். ஆழ்வார் போன வழியில் வேறு யார் யாரெல்லாம் போனார்கள் என்பது தெரியவரும்.

இது ஊகமில்லை. 2022இல் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு இன்னும் மூன்றைச் சொன்னது. அதே கோயிலின் காளிங்க நர்த்தனக் கிருஷ்ணர் சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்திலும், விஷ்ணு டெக்சாஸின் கிம்பெல் அருங்காட்சியகத்திலும், ஸ்ரீதேவி ஃபுளோரிடாவில் ஓர் ஏலக் கூடத்திலும் இருப்பதாக அறிவித்தது. இவற்றுக்கும் புதுச்சேரிப் படங்களே ஆதாரம். ஆக மொத்தம் நான்கு. ஒரே கோயிலின் நான்கு திருமேனிகள் இரண்டு நாடுகளில், அல்லது இந்தியாவையும் சேர்த்து எண்ணினால் போலிகளாகவும் அசல்களாகவும் இரட்டித்து நிற்கின்றன.

நான்கு என்ற எண்ணிக்கை துப்புக்குப் பெரிய உதவி. ஒரு சிலையை ஒருவன் இரவில் சாக்கில் கட்டிக்கொண்டு ஓடலாம். நான்குக்கும் போலி செய்து நான்கையும் மாற்றி வைப்பது வேறு விவகாரம். போலி செய்கிற ஸ்தபதிக்கு அசல் எதிரே இருக்க வேண்டும். அளவெடுக்க, மெழுகில் உரு பிடிக்க, வார்த்த பிறகு அசலோடு வைத்துச் சரிபார்க்க நாள் கணக்கில் அது பட்டறையில் இருந்தாக வேண்டும். ஆகவே சிலைகள் கோயிலைவிட்டு வெளியே போயிருக்கின்றன. போனது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பூட்டை உடைக்காமல் நடந்த வேலை இது.

அப்படி ஒரு காரணம் நம் கோயில்களில் உண்டு. திருப்பணி. சம்ப்ரோக்ஷணத்துக்கு முன்னால் பாலாலயம் செய்து மூர்த்திகளை இடம் மாற்றுவார்கள். விக்கிரகத்தில் பழுது இருந்தால் ஸ்தபதியிடம் அனுப்புவார்கள். அந்தச் சில மாதம் கோயிலில் ஒரே கூட்டம், மரச்சாரம், சுண்ணாம்பு. எது எங்கே இருக்கிறது என்று கேட்பவர் இல்லை.

இதே காலத்தில், இதே வட்டாரத்தில் இது நடந்தும் இருக்கிறது. கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்குள்ளிருந்து நடராசர் உட்படச் சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவை கோயிலுக்கே வழங்கப்பட்டன. 1954இல் செப்பனிடுவதற்காக அவற்றைக் கும்பகோணத்து ஸ்தபதி ஒருவரிடம் அனுப்பினார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தவர் புது நடராசர். பழையவர் பம்பாய் போய், கைமாறி, கடல் தாண்டினார். 1973இல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்திய அரசு வழக்குப் போட்டு, 1976இல் சமரசமாகி, பத்தாண்டு அங்கே காட்சிக்கு இருந்துவிட்டு 1986இல் சிலை திரும்பியது. சிவபுரத்துக் கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று எழுத்தில் சொன்னது யார் தெரியுமா? பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். 1965இல் வெளிவந்த, தொடக்ககாலச் சோழச் செப்புத் திருமேனிகள் பற்றிய தம் நூலில் சொன்னார். சிவபுரத்துக்கு லண்டனிலிருந்து ஒருவர், சுந்தரப்பெருமாள் கோயிலுக்கு ஒரு தனி ஆய்வாளர். உள்ளூரில் சந்தேகப்பட்டவர்கள் இருந்திருக்கலாம், அவர்கள் சொன்னது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சேவிக்கப் போகிறவருக்கு ஆழ்வார் என்றால் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் திருமுகமும் வாள்பிடியும்தான். மற்றதெல்லாம் வேஷ்டி, மாலை, துளசி. மேனி முழுவதையும் பார்ப்பவர் திருமஞ்சனம் செய்கிற பட்டாச்சாரியார் ஒருவர், உதவிக்கு நிற்கும் பரிசாரகர் ஒருவர். அந்தக் கைகளுக்கு எடையில் வித்தியாசம் தெரிந்திருக்கும். தெரிந்தாலும், மாதம் சில ரூபாயும் அரிசியும் சம்பளமாக வாங்குகிறவர் அந்தக் காலத்தில் யாரிடம் போய் அதைச் சொல்லியிருப்பார்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வைணவக் குருபரம்பரைக் கதைகளில் திருமங்கையாழ்வாரே வழிப்பறிக்காரர். அடியார்க்கு அமுது படைக்கக் கையில் காசு தீர்ந்ததும் வழிமறித்துக் கொள்ளையடித்தவர். மணமகனாக வந்த பெருமாளையே மறித்து எட்டெழுத்தைப் பெற்றவர். இன்னும் ஒன்று: திருவரங்கத்துத் திருப்பணிக்காக நாகப்பட்டினத்து விகாரையிலிருந்த பொன் புத்தரை எடுத்துப்போனவரும் அவரே என்று அந்தக் கதை சொல்கிறது. விக்கிரகத் திருட்டை இவ்வளவு விரிவாகச் சொல்லும் பழைய தமிழ்க் கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. அதில் திருடியவர் பெயர், இடம், காரணம், பொன்னை என்ன செய்தார் என்பது எல்லாம் இருக்கின்றன. அவருடைய சிலை போன கதையில்தான் ஒன்றும் இல்லை.

சரி, எங்கே தேடுவது?

வெளிநாட்டுப் பக்கம் ஓரளவு தேடியாகிவிட்டது. பெல்மாண்டின் கைக்குச் சிலை எப்படி வந்தது என்பதற்குத் தம்மிடம் குறிப்பில்லை என்று ஆஷ்மோலியன் சொல்லிவிட்டது. 1960களின் ஏலப் பட்டியல்களில் விற்பவர் பெயர் இருந்தால் பெரிது, அவர் யாரிடம் வாங்கினார் என்பதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. யுனெஸ்கோ உடன்படிக்கையே 1970இல்தான் வந்தது. நமது தொல்பொருள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்னால் எல்லாம் திறந்து கிடந்தது என்று நினைக்கக் கூடாது. தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. முறையாகப் போயிருந்தால் உரிமத்துக்கு விண்ணப்பித்தவர் பெயர் கோப்பில் இருக்கும். முறையின்றிப் போயிருந்தால், பித்தளைப் பொம்மை என்று எழுதிய ஏதோ ஒரு சுங்கச் சீட்டோடு போயிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து இன்னும் பெற வேண்டியது ஒன்றே ஒன்று. மற்ற மூன்று திருமேனிகளும் முதல்முதலில் எந்தத் தேதியில், எந்த வியாபாரியின் ரசீதில் தலைகாட்டுகின்றன என்பது. நான்கில் மிக முந்தைய தேதி எதுவோ, அதுவே இந்தப் பத்தாண்டின் மேல் எல்லை. அது 1967ஐவிட முந்தியதாக இருந்தால் தேட வேண்டிய காலம் சுருங்கும். வியாபாரி பெயர் இரண்டில் ஒன்றாக வந்தாலோ, பாதி வேலை முடிந்தது.

மீதி எல்லாம் இங்கே, பசலிக் கணக்கில் இருக்கிறது. கோயில் கணக்கு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டில்தான் எழுதப்பட்டது. 1957ஆம் ஆண்டுப் படம் பசலி 1366இன் பின்பாதியிலோ 1367இன் முன்பாதியிலோ விழும். 1967ஆம் ஆண்டு ஏலம் 1376 அல்லது 1377. அந்தப் பசலிகளின் வரவு செலவில் ‘ஸ்தபதி கூலி’, ‘விக்கிரகம் செப்பனிட’, ‘வண்டி வாடகை கும்பகோணம்’ என்று ஒரு வரி இருந்தால் அதன் பக்கத்தில் தேதியும், தொகை வாங்கியவர் கையெழுத்தும் இருக்கும். திருடனே கணக்கு எழுதிவைப்பானா என்று சிரிக்க வேண்டாம். செப்பனிடுவது என்ற பெயரில்தான் வேலை நடந்திருந்தால், செப்பனிட்ட செலவைக் கணக்கில் காட்டாமல் இருப்பதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும்.

இன்னொரு சாதகமான விஷயம், இந்தப் பத்தாண்டுக்கு நடுவில் சட்டம் மாறியது. 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் போய் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, 1960 ஜனவரியில் நடைமுறையானது. புதிய சட்டத்தின் 29ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வைக்கச் சொல்கிறது. வழிபாட்டில் இருப்பவை, ஊர்வலம் போகிறவை என எல்லா விக்கிரகங்களும் அதில் ஏற வேண்டும். உயரமும் எடையும் குறித்துவைக்கும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. பழைய சட்டத்தின்கீழ் எழுதிய பட்டியல், புதிய சட்டத்தின்கீழ் எழுதிய பதிவேடு, பிறகு நிர்வாகி மாறும்போதெல்லாம் எழுதிய பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல்கள் ஆகியவற்றை வரிசையாக வைத்து ஆழ்வாரின் எடையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். எந்தப் பட்டியலில் எடை மாறுகிறதோ அதற்கும் முந்தைய பட்டியலுக்கும் இடையில் சிலை மாறியிருக்கிறது. போலியின் இன்றைய எடை நம் கையில். அசலின் எடையைச் சொல்ல ஆக்ஸ்போர்டு இருக்கிறது. கடைசிவரை எடையே மாறாமல் எழுதியிருந்தாலும் ஒரு செய்திதான்: யாரும் தராசில் வைக்காமல் முந்தைய பட்டியலைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ‘சிலை திருட்டு பற்றிய விவரம் தேவை’ என்று கேட்டால் ‘விசாரணையில் உள்ளது’ என்று ஒரு வரி வரும், அத்தோடு சரி. திருட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். இன்ன பசலியின் திருப்பணிச் செலவுப் பேரேடு, இன்ன ஆண்டின் ஒப்படைப்புப் பட்டியல் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லை என்றால் எப்போது அழித்தார்கள், யார் உத்தரவில் என்று அடுத்த மனு. அழித்ததற்கும் பதிவேடு இருக்க வேண்டும் என்பது விதி.

காவல் துறைக் காகிதத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. தமிழ்நாட்டில் சிலை திருட்டுகள் தொடர்பான 41 வழக்குக் கோப்புகளே காவல் நிலையங்களிலிருந்து காணாமல்போனது பற்றி வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் சிலை வழக்குகளைத் தனி அதிகாரியின் பொறுப்பில் விட்ட உத்தரவும் அவர் மனுவில் பிறந்ததுதான். சிலையைத் திருடினால் மேல்நாட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளாவது இருக்கும். கோப்பைத் திருடுகிறவன் அதை அடுப்பில்தான் வைப்பான். அதனால்தான் போலீஸ் கைக்குப் போகாத காகிதங்களை நான் அதிகம் நம்புகிறேன். பிரெஞ்சுக்காரர் எடுத்த படம் அப்படிப்பட்டது. வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதங்களும் அப்படிப்பட்டவைதான்.

இதைப் படிக்கிறவர்களில் சுந்தரப்பெருமாள் கோயில், பாபநாசம், சுவாமிமலை, தாராசுரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தால், பெரியவர்கள் வைத்துவிட்டுப்போன தகரப் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். 1957க்கும் 1967க்கும் இடைப்பட்ட சம்ப்ரோக்ஷணப் பத்திரிகை, திருப்பணி நன்கொடை ரசீது, உபயதாரர் பட்டியல், உற்சவத்தில் எடுத்த புகைப்படம் எதுவானாலும் சரி. பத்திரிகையானால் அடியில் அச்சிட்டிருக்கும் திருப்பணிக் குழுவினர் பெயர்களும் ஸ்தபதி பெயரும் வேண்டும். புகைப்படமானால் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அசலைக் கொடுத்துவிடாதீர்கள். கைபேசியில் இருபக்கமும் படமெடுத்து வையுங்கள்.